மாற்று வன்பொருளில் கட்டற்ற இயங்குதளம்: சேலம், நாமக்கல் பகுதியை முன்வைத்து ஒரு விமர்சனம்

கடையில் விண்டோஸுடன் விற்கப்படும் வழக்கமான கணினிக்கு மாற்றாக வேறொரு நுண்செயலியிலோ, பொதுப்பணத்தில் உருவான கருவியிலோ, கைவிடப்பட்ட பழைய கணினியிலோ லினக்ஸ் போன்ற கட்டற்ற இயங்குதளத்தை நிறுவிப் பயன்படுத்தும் முயற்சிகள் இந்தியாவில் 2000ஆம் ஆண்டையொட்டித் தொடங்கின. பெங்களூரில் உருவான சிம்பியூட்டர், தமிழக அரசின் விலையில்லா மடிக்கணினியில் வந்த பாஸ் லினக்ஸ், சென்னை ஐ.ஐ.டி. வடிவமைத்த சக்தி நுண்செயலி ஆகிய மூன்றும் இவற்றுள் தமிழ்நாட்டோடு தொடர்புடையவை. இவற்றை மதிப்பிடுவோர் வழக்கமாகக் கேட்பவை இரண்டு கேள்விகள். மூலநிரல் திறந்திருக்கிறதா என்பது ஒன்று, விலை எவ்வளவு என்பது மற்றொன்று. கருவி பழுதானாலோ இயங்குதளம் பழையதானாலோ அதே ஊரில் ஒருவர் அதைத் திறந்து சரிசெய்ய முடியுமா என்ற மூன்றாவது கேள்வி அரிதாகவே எழுகிறது. அந்தக் கேள்வியைக் கேட்பதற்குச் சேலம், நாமக்கல் மாவட்டங்களைவிடப் பொருத்தமான இடம் தமிழ்நாட்டில் அதிகமில்லை.

கூண்டு கட்டும் ஊர்

1997இல் சேலத்திலிருந்து பிரிந்த நாமக்கல் மாவட்டம் முட்டைக்கும் லாரிக்கும் பெயர் பெற்றது. அசோக் லேலண்ட், டாடா ஆகிய நிறுவனங்களின் லாரிகள் வெறும் சேசிஸாக இங்கு வந்து, கூண்டு கட்டும் பட்டறைகளில் முழு வண்டியாகின்றன. கூண்டை எங்கே பொருத்துவது, அச்சுகளின் இடைவெளி எவ்வளவு, எங்கே துளையிடக் கூடாது என்ற விவரங்களைச் சேசிஸ் நிறுவனம் வரைபடமாகத் தந்துவிடுகிறது. மீதியைத் தச்சரும் வெல்டரும் பெயின்டரும் எலக்ட்ரீஷியனும் பார்த்துக்கொள்கிறார்கள். திருச்செங்கோட்டில் சேசிஸின் மேல் துளையிடும் கருவி ஏற்றப்பட்டு ரிக் வண்டி ஆகிறது. அந்த வண்டிகள் பல மாநிலங்களுக்குச் சென்று ஆழ்துளைக் கிணறு தோண்டுகின்றன. வழியில் பழுதானால் வண்டியுடன் போகும் ஆட்களே பெரும்பாலும் சரிசெய்கிறார்கள்.

இந்தத் தொழிலில் என்ஜினின் வடிவமைப்பு யாருக்கும் இலவசமாகத் தரப்படவில்லை. சேசிஸ் நிறுவனம் எந்த உரிமையையும் விட்டுக்கொடுத்ததில்லை. ஆனால் வேலைக்குத் தேவையான அளவுகள் வெளியில் இருந்தன, உதிரிபாகம் கடைத்தெருவில் கிடைத்தது, வேலை தெரிந்த ஆளுக்குக் கூலி இருந்தது. இந்த மூன்றும் சேர்ந்தே ஒரு வட்டாரத்தின் இயந்திர அறிவை உருவாக்கின. 2020 ஏப்ரல் 1 முதல் பாரத் ஸ்டேஜ் 6 விதி நடைமுறைக்கு வந்தபின், என்ஜினைக் கட்டுப்படுத்தும் மின்னணுப் பெட்டியின் பிழைச் செய்தியைப் படிக்கவே பல வண்டிகளில் நிறுவனத்தின் கருவி தேவைப்படுகிறது. அளவுகள் மூடப்பட்டால் என்ன ஆகும் என்பதைச் சாலையோர மெக்கானிக்குகள் கணினிக்காரர்களைவிட நேரடியாக அறிந்திருக்கிறார்கள்.

கணினிக்கு வரும்போது நிலைமை தலைகீழ். இங்கே மூலநிரல் முழுவதும் திறந்து கிடக்கிறது. உதிரிபாகமும் கூலியும்தான் இல்லை. கட்டற்ற மென்பொருள் குறித்த எழுத்துகள் முதல் பாதியைக் கொண்டாடும் அளவுக்கு இரண்டாம் பாதியைக் கவனிப்பதில்லை.

சிம்பியூட்டர்

முதல் முயற்சியை விரைவாகவே கடக்கலாம். இந்திய அறிவியல் கழகப் பேராசிரியர்களும் என்கோர் நிறுவனத்தாரும் சேர்ந்து 2001இல் வெளிக்காட்டிய சிம்பியூட்டர், உள்ளங்கையளவுக் கணினி. இன்டெல் நுண்செயலிதான் என்றாலும் மேசைக் கணினியில் இருப்பது அன்று. ஸ்ட்ராங்ஆர்ம் எனப்பட்ட, ஆர்ம் வகையைச் சேர்ந்த சிப். அதன்மேல் லினக்ஸ் ஓடியது. கன்னடம், இந்தியுடன் தமிழும் திட்டத்தில் இருந்தது. வன்பொருள் வரைபடத்துக்கும் ஒரு பொது உரிமம் வகுத்தார்கள் என்பதே அதன் பெரிய சாதனை. உலக அளவில் திறந்த வன்பொருள் என்ற பேச்சு பரவலாவதற்கு முன்பே நடந்த காரியம் அது. 2004இல் பாரத் எலெக்ட்ரானிக்ஸ் உற்பத்தியில் அமிடா என்ற பெயரில் கடைக்கு வந்தது. எதிர்பார்த்த எண்ணிக்கையில் ஒரு சிறு பங்கே விற்றது.

விலை ஏழைகளுக்கு எட்டவில்லை, கைப்பேசி முந்திக்கொண்டது என்று இரண்டு காரணங்கள் சொல்லப்படுகின்றன. இரண்டும் சரியே. இதனோடு, உரிமம் தந்த வரைபடத்தை எடுத்துப் பெங்களூருக்கு வெளியே ஒரு பட்டறை கருவியைக் கட்டிவிட முடியாது என்பதையும் சேர்க்க வேண்டும். பல அடுக்குச் சுற்றுப்பலகை, கையால் பற்றவைக்க முடியாத சிப், வெளிநாட்டிலிருந்து வர வேண்டிய திரை ஆகியவை வரைபடத்தோடு வருபவை அல்ல. வரைபடம் திறந்திருந்தும் கூண்டு கட்ட ஆளில்லாத சேசிஸாக அது நின்றது.

விலையில்லா மடிக்கணினியும் பாஸும்

2011 செப்டம்பரில் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம், அரசு மற்றும் அரசு உதவி பெறும் மேல்நிலைப் பள்ளிகள், கல்லூரிகள், பாலிடெக்னிக்குகளில் படித்தோருக்குத் தரப்பட்டது. அடுத்த எட்டொன்பது ஆண்டுகளில் ஏறத்தாழ 50 லட்சம் கருவிகள் வழங்கப்பட்டன, 7,000 கோடி ரூபாய்க்கு மேல் செலவானது. கொள்முதல் செய்தது எல்காட் எனப்படும் தமிழ்நாடு மின்னணு நிறுவனம். வன்பொருளைப் பொறுத்தவரை இதில் மாற்று எதுவுமில்லை. சந்தையில் விற்கும் சாதாரண மடிக்கணினியே பல நிறுவனங்களிடம் மொத்தமாக வாங்கப்பட்டது. மாற்றாக இருந்தது உள்ளே வந்த இரண்டாவது இயங்குதளம். விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் நிறுவப்பட்டு, பொத்தானை அழுத்தியதும் எது வேண்டும் என்று கேட்கும் இரட்டைத் துவக்க முறையில் கருவிகள் வந்தன.

பாஸ் என்பது மத்திய அரசின் சி-டாக் நிறுவனம் டெபியனை அடிப்படையாகக் கொண்டு உருவாக்கிய லினக்ஸ். அதன் முதல் பதிப்பு 2007இல் வெளியானது. அதன் பின்னணியில் இருந்த கட்டற்ற மென்பொருள் தேசிய வள மையம் சென்னையில் செயல்பட்டது. தமிழ் உட்பட இந்திய மொழிகளில் திரைச்சொற்களும் தட்டச்சு வசதியும் அதில் உண்டு. எல்காட்டுக்கும் லினக்ஸ் புதிதன்று. 2007 வாக்கில், உமாசங்கர் மேலாண்மை இயக்குநராக இருந்தபோது, அந்நிறுவனம் தன் அலுவலகக் கணினிகளைச் சூசி லினக்ஸுக்கு மாற்றியிருந்தது. ஆக, திட்டத்தை வகுத்தவர்களுக்கு லினக்ஸ் தெரியாது என்று சொல்ல முடியாது. தெரிந்தே செய்த ஏற்பாடு என்பதால்தான் அதன் குறை கூடுதலாக உறுத்துகிறது.

கட்டற்ற மென்பொருள் ஆர்வலர்கள் அன்று வைத்த முக்கியக் குற்றச்சாட்டு, மக்கள் பணத்தில் விண்டோஸ் எதற்கு என்பது. கொள்கையளவில் நியாயமான கேள்விதான். ஆனால் அந்த வாதம் வென்று, கருவியில் பாஸ் மட்டுமே வந்திருந்தால் என்ன நடந்திருக்கும் என்று பார்க்க வேண்டும். திருச்செங்கோட்டிலோ குமாரபாளையத்திலோ பன்னிரண்டாம் வகுப்பு முடித்து வணிகவியல் சேரும் ஒரு விசைத்தறித் தொழிலாளியின் மகளுக்கு, படிப்பு முடிந்ததும் கிடைக்கக்கூடிய முதல் வேலை நூல் கடையிலோ லாரி அலுவலகத்திலோ கணக்கு எழுதுவது. அங்கே கேட்கப்படுவது டேலி. 2017இல் சரக்கு மற்றும் சேவை வரி வந்தபின் அந்தத் தேவை இன்னும் கூடியது. டேலி விண்டோஸில் ஓடும்படி எழுதப்பட்ட மென்பொருள். இந்தியாவிலேயே உருவான க்னூகாதா என்ற கட்டற்ற கணக்கு மென்பொருள் இருக்கிறது. அதைக் கற்றவர் என்று விளம்பரம் செய்து ஆள் எடுக்கும் முட்டை மண்டி எதுவும் இல்லை. அந்தப் பெண் விண்டோஸைத் தேர்ந்தெடுத்ததில் அறியாமை எதுவும் இல்லை. வட்டாரத்தின் கூலி எந்தப் பக்கம் இருக்கிறது என்று பார்த்துத்தான் அவள் முடிவெடுத்தாள்.

தட்டச்சுக் கடைகளின் கதையும் இதுவே. சேலம் கலெக்டர் அலுவலகத்தைச் சுற்றியும் நாமக்கல் பேருந்து நிலையத்தைச் சுற்றியும் உள்ளது போன்ற டி.டி.பி. கடைகள் பேஜ்மேக்கரையும் பழைய எழுத்துருக் குறியீடுகளையும் நம்பி வளர்ந்தவை. தமிழக அரசு 2010இல் ஒருங்குறியை ஏற்று ஆணையிட்டது. பாஸிலோ தமிழ்99 விசைப்பலகையும் ஒருங்குறியும் இயல்பாகவே இருந்தன. அதாவது அரசின் சொந்த மொழிக் கொள்கைக்கு விண்டோஸில் பழகிய கடைக்காரரைவிடப் பாஸ் நெருக்கமாக நின்றது. ஆனால் அரசு அலுவலக மேசைகளிலேயே வானவில் போன்ற பழைய குறியீட்டு எழுத்துருக்கள் நெடுங்காலம் தொடர்ந்தன. மனு எழுதிக் கொடுக்கும் கடை, மனுவை வாங்கும் அலுவலகத்தைப் பார்த்தே நடக்கும்.

பாடநூலின் கதை இன்னும் சுவையானது. 2018க்கு முந்தைய பாடத்திட்டத்தில் பன்னிரண்டாம் வகுப்பு கணினி அறிவியல் மாணவர்கள் ஸ்டார் ஆபீஸ் படித்தார்கள். 2018இல் வந்த பதினொன்றாம் வகுப்பு நூல்களில் உபுண்டுவும் ஓபன் ஆபீஸும் இடம்பெற்றன. இந்திய மாநிலப் பாடத்திட்டங்களில் கட்டற்ற மென்பொருளுக்கு இவ்வளவு இடம் தந்தவை அதிகமில்லை. ஆனால் அதே வரிசையில் வந்த பன்னிரண்டாம் வகுப்பு நூலில் பைத்தானிலிருந்து சி++ நிரலை இயக்கும் பாடம், விண்டோஸ் கட்டளைத் திரையையும் மின்ஜிடபிள்யூ என்ற தொகுப்பானையும் வைத்தே விளக்கப்படுகிறது. மின்ஜிடபிள்யூ என்பது லினக்ஸின் கூடவே வரும் குனூ தொகுப்பானை விண்டோஸில் ஓடவைக்க உருவாக்கப்பட்ட ஏற்பாடு. மாணவரின் கருவியில் ஏற்கெனவே ஒரு லினக்ஸ் இருக்க, அதன் சொந்தக் கருவியை விண்டோஸுக்கு வரவழைக்கும் சுற்றுவழியை அவர் மனப்பாடம் செய்து தேர்வெழுதினார். பாடநூல் குழுவும் கொள்முதல் குழுவும் ஒரே அரசின் கீழ் இருந்தும் ஒன்றின் வேலையை மற்றது பார்க்கவில்லை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று தேவையில்லை.

இனி, பராமரிப்பு. டெபியனின் ஒரு பதிப்புக்கு ஏறத்தாழ 3 ஆண்டுகள் பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும், நீட்டிப்பைச் சேர்த்தால் 5 ஆண்டுகள். டெபியனை அடியொற்றும் எந்த லினக்ஸுக்கும் இந்தக் கால எல்லை பொருந்தும். 2012இல் ஒரு மாணவருக்குத் தரப்பட்ட இயங்குதளம் அவர் பட்டப்படிப்பு முடிக்கும் முன்பே பழையதாகிவிடும். புதிய பதிப்புக்கு மாற நூற்றுக்கணக்கான எம்.பி. முதல் சில ஜி.பி. வரை பதிவிறக்க வேண்டும். இன்றைய மலிவான கைப்பேசி இணையம் 2016இன் பிற்பகுதியில்தான் வந்தது. அதற்கு முன் எடப்பாடி, சேந்தமங்கலம் பக்கத்துக் கிராமங்களில் ஒரு மாணவர் தன் செலவில் இயங்குதளத்தைப் புதுப்பிப்பார் என்று எதிர்பார்த்தது கணக்கில் பிசகு.

இதற்குத் தீர்வு அரிதானதன்று. மாவட்டத்துக்கு ஒரு கல்லூரியில், எடுத்துக்காட்டாகக் கருப்பூரில் உள்ள அரசு பொறியியல் கல்லூரியில், மென்பொருள் தொகுப்புகளின் பிரதி ஒன்றை வைத்திருந்து, ஆண்டுக்கொரு முறை பள்ளிகளுக்கு வட்டில் அனுப்பியிருக்கலாம். சேலம் ஜாகீர் அம்மாபாளையத்தில் எல்காட்டுக்குச் சொந்தமாகத் தகவல் தொழில்நுட்பப் பூங்காவே இருக்கிறது. அதில் ஓர் அறையும் மூன்று ஆட்களும் இதற்குப் போதும். திட்டத்தின் வரவுசெலவில் கருவிக்கு ஒதுக்கீடு இருந்தது, உத்தரவாதக் காலத்தில் வன்பொருளைப் பழுது பார்க்கும் பொறுப்பு விற்றவரிடம் இருந்தது. பாஸ் தடுமாறினால் யாரிடம் போவது என்ற கேள்விக்கு மாணவரின் ஊரில் பதில் இருக்கவில்லை.

பாலக்காட்டுக் கணவாயைத் தாண்டினால் எதிர்ச்சான்று கிடைக்கிறது. கேரளம் 2000களின் நடுப்பகுதியிலிருந்து அரசுப் பள்ளிகளில் லினக்ஸை நடைமுறைப்படுத்தியது. அங்கும் சாதாரணக் கணினிகள்தாம், அங்கும் டெபியன் வழிவந்த இயங்குதளம்தான். வேறுபாடு மூன்று இடங்களில் இருந்தது. மாவட்டந்தோறும் பயிற்சி ஆசிரியர்கள் முழுநேரமாக அமர்த்தப்பட்டார்கள். பத்தாம் வகுப்பின் தகவல் தொழில்நுட்பச் செய்முறைத் தேர்வே லினக்ஸில் நடந்தது. பழுதான பள்ளிக் கணினிகளைச் சரிபார்க்க முகாம்கள் நடத்தப்பட்டன. பின்னர் 2018இல் மாணவர் மன்றங்கள் வழியாகப் பிள்ளைகளையே அந்த வேலையில் ஈடுபடுத்தினார்கள். கேரளம் தந்த கருவிகள் பள்ளியில் இருந்தன, தமிழகம் தந்தவை மாணவரின் வீட்டுக்கே போயின. இரண்டாவதே துணிச்சலான திட்டம். ஒரு தறிக்கொட்டகை வீட்டுக்குள் கணினி நுழைந்ததன் மதிப்பை எந்த விமர்சனமும் குறைக்க முடியாது. ஆனால் வீட்டுக்குப் போன கருவிக்குப் பள்ளிக் கணினியைவிட அதிகப் பராமரிப்பு ஏற்பாடு தேவைப்பட்டிருக்கும். இருந்ததோ அதைவிடக் குறைவு.

2014 ஏப்ரலில் விண்டோஸ் எக்ஸ்பிக்கு மைக்ரோசாஃப்ட் ஆதரவை நிறுத்தியபோது, தமிழக அரசு தன் அலுவலகங்களுக்குப் பாஸையே பரிந்துரைத்தது. அதற்குள் மாணவர்களாகப் பாஸுடன் பழகிய லட்சக்கணக்கானோர் மாநிலத்தில் இருந்திருக்க வேண்டும். அப்படிப் பழகியவர்களுக்கு ஒரு சான்றிதழோ அரசு வேலையில் ஒரு முன்னுரிமையோ தரப்பட்டிருந்தால் இரட்டைத் துவக்கத் திரையில் இரண்டாவது வரியைத் தேர்ந்தெடுக்க ஒரு காரணம் இருந்திருக்கும்.

சக்தி

சென்னை ஐ.ஐ.டி.யில் பேராசிரியர் வி. காமகோடியின் வழிகாட்டலில் உருவான சக்தி, முன்னவற்றிலிருந்து அடிப்படையிலேயே வேறுபட்டது. இங்கே நுண்செயலியின் வடிவமைப்பே திறந்த மூலம். கலிஃபோர்னியாவின் பெர்க்லி பல்கலைக்கழகத்தில் 2010இல் தொடங்கிய ரிஸ்க்-ஃபைவ் என்ற கட்டளைத் தொகுப்பை அது பின்பற்றுகிறது. அந்தத் தொகுப்பைப் பயன்படுத்த எவருக்கும் உரிமத் தொகை கட்ட வேண்டியதில்லை. 2018இல் இன்டெல்லின் அமெரிக்க ஆலையில் 22 நானோமீட்டர் முறையில் தயாரான சக்தி சிப்பில் லினக்ஸ் ஓடியது. அதே ஆண்டு சண்டிகரை அடுத்த மொகாலியில் உள்ள அரசின் குறைகடத்தி ஆய்வகத்தில் 180 நானோமீட்டர் முறையில் இன்னொரு சிப் தயாரானது. 2020இல் மௌஷிக் என்ற சிப் வந்தது. அதே ஆண்டு மத்திய அரசு நடத்திய உள்நாட்டு நுண்செயலிப் போட்டியில் மாணவர்களும் சிறு நிறுவனங்களும் சக்தியையும் சி-டாக்கின் வேகா நுண்செயலியையும் வைத்துக் கருவிகள் செய்தார்கள்.

பெருமைப்படத்தக்க சாதனை என்பதில் ஐயமில்லை. இந்தக் கட்டுரையின் கேள்விக்கு அது எப்படிப் பதில் சொல்கிறது என்பது வேறு விஷயம். கருப்பூரில் படிக்கும் ஒரு மின்னணுவியல் மாணவர் சக்தியில் லினக்ஸை ஓட்டிப்பார்க்க விரும்பினால், தயாரான சிப் அவருக்குக் கடையில் கிடைக்காது. ஆர்ட்டி என்ற மறுநிரலாக்கப் பலகையை வெளிநாட்டிலிருந்து வரவழைத்து, சக்தியின் வடிவமைப்பை அதில் ஏற்றி, சில பத்து மெகாஹெர்ட்ஸ் வேகத்தில் லினக்ஸ் மெதுவாக எழுந்து வருவதைப் பார்க்கலாம். அந்த வடிவமைப்பைப் பலகைக்கு ஏற்றபடி மாற்றித்தரும் விவாடோ என்ற மென்பொருள் மூடிய மூலம் கொண்டது. பதிவிறக்க அளவே பல பத்து ஜி.பி. வரும். சக்தி எழுதப்பட்ட ப்ளூஸ்பெக் மொழியின் தொகுப்பானும் 2020 வரை மூடியே இருந்தது. முதல் சக்தி சிப்கள் வெளிவந்தபோது அவற்றின் வரைபடம் திறந்திருந்தது, வரைபடத்தைப் படித்துச் சிப்பாக்கும் கருவி திறந்திருக்கவில்லை. இது சக்திக் குழுவின் குற்றமன்று. உலகம் முழுவதும் சிப் வடிவமைப்புக் கருவிகள் இரண்டு மூன்று நிறுவனங்களின் பிடியில் இருக்கின்றன. ஆனால் திறந்த நுண்செயலி என்ற சொல்லைக் கேட்டதும் எல்லாம் திறந்துவிட்டது என்று நினைப்பவர்கள் இந்த அடுக்குகளை எண்ணிப்பார்க்க வேண்டும்.

இதற்கு நடுவே மாணவர்கள் கைக்கு எளிதில் வந்தது 2012இல் வெளியான ராஸ்ப்பெரி பை என்ற இங்கிலாந்துப் பலகை. ஆர்ம் நுண்செயலி, டெபியன் வழிவந்த இயங்குதளம், தொடக்க விலை 35 டாலர். அதன் துவக்கமோ நெடுங்காலமாக வரைகலைச் சிப்புக்குள் ஓடும் மூடிய நிலைபொருளை நம்பியே இருக்கிறது. திறந்த அளவில் சக்தி அதைவிடப் பல படி மேல். ஆனாலும் பை பலகை வென்றதற்குக் காரணம், கோயம்புத்தூரிலோ சேலத்திலோ ஒரு மின்னணுக் கடையில் அதை வாங்க முடியும், கெட்டுப்போனால் இன்னொன்றை வாங்கலாம், சிக்கல் வந்தால் விளக்கம் எங்கும் கிடைக்கும். சிம்பியூட்டரில் இல்லாதவையும் சக்தியில் இன்னும் வராதவையும் இவையே. ஐ.ஐ.டி.யின் ஆய்வுக்குழு கடை நடத்த வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை. ஆனால் சில ஆயிரம் ரூபாயில், லினக்ஸ் ஓடும் ஒரு சக்திப் பலகை மாவட்டப் பாலிடெக்னிக்குகளுக்கு வந்தால் மட்டுமே அதன் திறந்த வரைபடத்தைப் படிப்பதற்கு இந்தச் சமவெளியில் யாருக்காவது காரணம் பிறக்கும். மென்பொருள் தரப்பில் தடை குறைந்துவிட்டது. 2025 ஆகஸ்டில் வெளியான டெபியன் 13, 64-பிட் ரிஸ்க்-ஃபைவை முதல்முறையாக அதிகாரபூர்வ வன்பொருள் வகையாக ஏற்றுக்கொண்டது.

கையில் இருக்கும் வன்பொருள்

அதே டெபியன் 13 இன்னொரு முடிவையும் எடுத்தது. பழைய 32-பிட் கணினிகளுக்கான நிறுவல் வட்டை நிறுத்திவிட்டது. 2011க்குப் பின் விற்ற மடிக்கணினிகளின் நுண்செயலிகள் ஏறத்தாழ எல்லாம் 64-பிட் என்பதால் விலையில்லா மடிக்கணினிகளுக்கு இதனால் பெரிய இழப்பில்லை. அவற்றுக்கு உண்மையான சிக்கல் மறுபக்கத்திலிருந்து வந்திருக்கிறது. 2025 அக்டோபர் 14 அன்று விண்டோஸ் 10க்கான ஆதரவு முடிந்தது. விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சிப்பும் புதிய தலைமுறை நுண்செயலியும் அந்தக் கருவிகளில் பெரும்பாலானவற்றில் இல்லை. லட்சக்கணக்கான மடிக்கணினிகள் ஒரே நாளில், மைக்ரோசாஃப்டின் கணக்குப்படி, காலாவதியாகிவிட்டன. இந்த வகையில் பார்த்தால் சேலம், நாமக்கல் மாவட்டங்களில் எளிதில் கிடைக்கும் மாற்று வன்பொருள், பரணில் பேட்டரி செத்துக் கிடக்கும் இந்தக் கருவிகளே.

அவற்றை மீட்பதில் மர்மம் ஒன்றுமில்லை. தொடக்க ஆண்டுகளின் கருவிகளில் இருந்த 2 ஜி.பி. நினைவகத்தை 4 ஜி.பி. ஆக்கி, சுழலும் வன்தட்டை எடுத்துவிட்டு 120 அல்லது 240 ஜி.பி. எஸ்.எஸ்.டி. பொருத்தி, எக்ஸ்.எஃப்.சி.இ. போன்ற எளிய முகப்புடன் டெபியனை நிறுவினால், கடிதம் எழுத, பைத்தான் கற்க, பள்ளிப் பாடக் காணொளி பார்க்க அது தாராளமாகப் போதும். பத்துப் பதினைந்து தாவல்களைத் திறந்து வைக்கும் இணைய உலாவியை அது தாங்காது என்பதையும் சொல்லியாக வேண்டும். கம்பியில்லா இணைப்பு வேலை செய்யாமல் போவதுதான் முன்பெல்லாம் புதியவர்களை விரட்டிய தொல்லை. அதற்கான மூடிய நிலைபொருளை நிறுவல் வட்டிலேயே சேர்ப்பது என்று டெபியன் உறுப்பினர்கள் 2022இல் வாக்களித்து முடிவு செய்தார்கள். தூய கட்டற்ற நிலைப்பாட்டினர் அதைச் சறுக்கல் என்றார்கள். ராசிபுரத்துக் கணினிக் கடையில் உட்கார்ந்து பார்த்தால், பத்தாண்டில் டெபியன் செய்த உருப்படியான காரியங்களில் ஒன்று அது.

2025-26 நிதிநிலை அறிக்கையில் தமிழக அரசு கல்லூரி மாணவர்கள் 20 லட்சம் பேருக்கு இரண்டு ஆண்டுகளில் மடிக்கணினி அல்லது கைக்கணினி வழங்குவதாக அறிவித்து, 2,000 கோடி ரூபாய் ஒதுக்கியது. புதிய கருவிகளைக் குறித்த விவாதம் மீண்டும் நினைவகம் எவ்வளவு, திரை எவ்வளவு, எந்த நிறுவனம் என்பதைச் சுற்றியே நடக்கிறது. பழைய 50 லட்சத்தில் எத்தனை இன்னும் இயங்கும் நிலையில் உள்ளன என்று கிராம வாரியாக ஒரு கணக்கெடுப்பு, அவற்றுக்கு எஸ்.எஸ்.டி. மாற்ற ஒரு சிறு மானியம், அந்த வேலையைப் பாலிடெக்னிக் மாணவர்களுக்குச் செய்முறைப் பயிற்சியாகத் தரும் ஓர் ஆணை ஆகிய மூன்றுக்கும் ஆகும் செலவு, புதிய ஒதுக்கீட்டின் ஓரத்தில் அடங்கிவிடும்.

சேலத்திலும் நாமக்கல்லிலும் தெருவுக்குத் தெரு இருக்கும் கணினிக் கடைகளில் "ஓ.எஸ். போட்டுத் தருவது" சில நூறு ரூபாய் வேலை. போடப்படுவது பெரும்பாலும் உரிமம் இல்லாத விண்டோஸ். கடைக்காரருக்கு அதன்மீது பற்று எதுவும் கிடையாது. வாடிக்கையாளர் திரும்ப வந்து குறை சொல்லாத எதையும் அவர் போட்டுக் கொடுப்பார். அச்சுப்பொறி இணைப்பது, தமிழ்99 விசைப்பலகையை இயக்குவது, பழைய எழுத்துருக் கோப்பை ஒருங்குறிக்கு மாற்றுவது, வங்கித் தளம் திறப்பது என்று அவரிடம் வரும் கேள்விகள் பத்துக்குள் அடங்கும். அந்தப் பத்துக்கும் டெபியனில் விடை உண்டு. அவற்றைத் தமிழில் எழுதி, படத்துடன் நான்கு பக்கத் தாளாக அந்தக் கடைகளுக்குக் கொண்டுபோய்க் கொடுக்கும் வேலையை மட்டும் 2011 முதல் எந்தத் திட்டமும் தன் பொறுப்பாக எடுத்துக்கொள்ளவில்லை.